கோஸ்ட்சாட் விமர்சனம்: நாற்பது ஆண்டுக் கரைக்கோடு கைக்கு வரும், புயலின் கணக்கு வராது

ஒரு மணற்கரை தேய்கிறதா, வளர்கிறதா, இல்லை பருவத்துக்குப் பருவம் போய்வந்து கடைசியில் இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்பதை நாலைந்து ஆண்டு அளவீட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. பசிபிக் கடல் சூடாவதும் குளிர்வதுமான எல் நினோ, லா நினா மாறி மாறி வருவதற்கே சில ஆண்டுகள் பிடிக்கும். ஒரு பெரும்புயல் அள்ளிக்கொண்டு போன மணல் திரும்பக் கரையேறச் சில மாதமும் ஆகலாம், பல வருடமும் ஆகலாம். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு அடியில் ஓடும் போக்கைப் பார்க்க இருபது, முப்பது ஆண்டுத் தரவு வேண்டும். அப்படி விடாமல் அளந்துவரும் கரைகள் உலகத்திலேயே மிகக் குறைவு. சிட்னிக்கு வடக்கே நாரபீன்-காலராய் கரையை 1976 முதல் மாதாமாதம் அளக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் டக் என்ற ஊரில் ராணுவப் பொறியாளர் படை 1977-இல் ஒரு கள ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. உடையும் அலைக்குள்ளேயே இறங்கி மணல்தரையை அளக்கப் பத்து மீட்டருக்கு மேல் உயரமான மூன்றுகால் வண்டி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். இந்த வசதி எல்லாக் கரைகளுக்கும் வாய்க்காது.

அந்தக் குறையை ஓரளவு தீர்க்க வந்ததுதான் கோஸ்ட்சாட். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கிலியன் வோஸும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 2019-இல் வெளியிட்ட திறந்தமூலக் கருவித்தொகுப்பு, பைத்தான் நிரல்மொழியில் எழுதியது. காசு கிடையாது. 1984 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையும் 2015 முதல் சென்டினல்-2 செயற்கைக்கோள்களும் எடுத்த படங்களைக் கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையச் சேவையிலிருந்து இறக்கும். ஒவ்வொரு படத்திலும் மணலும் நீரும் சந்திக்கும் கோட்டை வரையும். நாம் குறித்துக் கொடுத்த இடங்களில் அந்தக் கோடு எத்தனை மீட்டர் முன்னே வந்தது, எத்தனை மீட்டர் பின்னே போனது என்று தேதிவாரியாக அட்டவணை தரும்.

தீர்ப்பை இப்போதே சொல்லிவிடலாம். நீண்டகாலப் போக்கு, பருவ ஏற்ற இறக்கம், புயலுக்குப் பின் கரை மீண்டுவரும் வேகம் ஆகிய மூன்றுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு தனிப் புயல் எவ்வளவு அரித்தது என்று கேட்டால் இதனிடம் பதில் இல்லை. பதில் போல ஓர் எண் வந்து நிற்கும். ஆபத்தே அந்த எண்தான்.

உள்ளே நடப்பது என்ன

லேண்ட்சாட் 7, 8, 9-இன் வண்ணப் படங்களுக்கு 30 மீட்டர் பிக்சல். கூடவே 15 மீட்டர் பிக்சலில் ஒரு கறுப்பு வெள்ளைப் பட்டையும் உண்டு. கோஸ்ட்சாட் அதைக்கொண்டு வண்ணப் படத்தை 15 மீட்டருக்குக் கூர்மையாக்குகிறது. லேண்ட்சாட் 5-இல் அந்தப் பட்டையே இல்லை. அங்கே 30 மீட்டரை இடைக்கணித்து 15 ஆக்குவதோடு சரி, புதிதாக விவரம் எதுவும் சேர்வதில்லை. ஆகவே 1984-க்கும் 1999-க்கும் இடைப்பட்ட கோடுகள் இயல்பாகவே கொஞ்சம் முரடு. சென்டினல்-2-இல் கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் 10 மீட்டர், குறு அலை அகச்சிவப்பு 20 மீட்டர்.

கூர்மையாக்கிய படத்தை, மாதிரிப் படங்களில் பயிற்றுவித்த நரம்பு வலையமைப்பு நிரல் ஒன்று மணல், நீர், நுரை, மற்றவை என்று பிக்சல் பிக்சலாக நான்கு வகையாகப் பிரிக்கிறது. நுரைக்குத் தனி வகை வைத்ததில்தான் செய்தவர்களின் அனுபவம் தெரிகிறது. அலை உடையும் இடத்து வெண்நுரை பளபளப்பில் மணலோடு போட்டி போடும். அதைத் தனியே ஒதுக்காமல் விட்டால் கரைக்கோடு கடலுக்குள் ஐம்பது, நூறு மீட்டர் தாவிவிடும். வகை பிரித்தபின் பச்சை ஒளியையும் குறு அலை அகச்சிவப்பையும் ஒப்பிட்டு நீர்க் குறியீடு கணக்கிடுகிறது. குறு அலை அகச்சிவப்பை நீர் விழுங்கிவிடும், மணல் திருப்பி அனுப்பும். மணல், நீர் என்று அடையாளம் கண்ட பிக்சல்களின் மதிப்புகளை மட்டும் எடுத்து, ஓட்சு என்ற புள்ளியியல் முறையில் இரண்டையும் பிரிக்கும் எல்லை மதிப்பைக் கண்டு, அந்த மதிப்பில் கோடு இழுக்கிறது. இந்தக் கோடு பிக்சல்களின் விளிம்பில் படிக்கட்டுப் போல ஏறி இறங்காமல் பிக்சலுக்கு உள்ளேயே வளைந்து ஓடும். 15 மீட்டர் பிக்சலிலிருந்து ஏறக்குறைய 10 மீட்டர் துல்லியம் கிடைப்பது அதனால்தான். நாரபீன், மொருயா, டக், பிரான்சின் ட்ரூக் வெர், நியூசிலாந்தின் தைருவா ஆகிய ஐந்து கரைகளில் நேரடி அளவீட்டோடு ஒப்பிட்டபோது பிழை 7.3 மீட்டரிலிருந்து 12.7 மீட்டர் வரை வந்தது. இது ஒவ்வொரு தனிப் படத்துக்கும் உரிய பிழை. கீழே புயல் பற்றிச் சொல்லும்போது இந்த எண் திரும்ப வரும்.

நிறுவுவதும் எல்லை வரைவதும்

நிறுவுவது பைத்தான் பழகியவர்களுக்குச் சின்ன வேலை. தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள்ளேயே எல்லாவற்றையும் நிறுவுங்கள். ஏற்கெனவே இருக்கும் சூழலில் போட்டால் புவியிடத் தரவைக் கையாளும் நிரல் நூலகங்கள் ஒன்றையொன்று உதைக்கும். எர்த் எஞ்சினுக்குக் கணக்கும், பதிவு செய்த கிளவுட் திட்டம் ஒன்றும் வேண்டும். ஆய்வுக்கும் லாப நோக்கற்ற வேலைக்கும் இலவசம், வணிக வேலைக்குத் தனி உரிமம். பைத்தானே தெரியாதவர்களுக்கு இது சரிப்படாது. பொத்தான் அழுத்தி முடிக்கும் மென்பொருள் அல்ல.

ஆய்வுப் பகுதியைப் பலகோணமாகக் கொடுக்கும்போது பரப்பை 100 சதுர கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட கரையென்றால் துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டுங்கள். பலகோணம் கொடுத்தும் ஒரு படம்கூட வரவில்லை என்றால், அநேகமாக அட்சரேகையை முதலில் எழுதியிருப்பீர்கள். இங்கே தீர்க்கரேகைதான் முதலில். வெளியீட்டு ஆயத்தொலைவு அமைப்பின் இபிஎஸ்ஜி என்ற அடையாள எண்ணைக் கேட்கும் இடத்தில் மீட்டரில் அளக்கும் அமைப்பாகப் பார்த்துக் கொடுங்கள். 4326 என்று கொடுத்தால் தூரமெல்லாம் பாகையில் வரும். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு கணக்கும் வீண்.

அடுத்தது ஆதாரக் கரைக்கோடு. நல்ல படம் ஒன்றைத் திறந்து வைத்து, கரையை ஒட்டி நாமே கையால் புள்ளி வைத்துப் போகவேண்டும். இதிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள், வழக்கமாக 100 மீட்டருக்குள், விழும் கோடுகளை மட்டும்தான் மென்பொருள் ஏற்கும். நீச்சல் குளம், உப்பங்கழி, வெள்ளைக் கூரை எல்லாவற்றையும் வெளியே தள்ளும் வேலி இது. ஆனால் கரை உண்மையிலேயே 100 மீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால், அந்த நகர்வையும் சேர்த்தே வெளியே தள்ளிவிடும். முகத்துவாரத்துக்குப் பக்கத்திலும் துறைமுகச் சுவருக்கு இருபுறமும் இது அடிக்கடி நடக்கும். முடிவில் கரை ஒரு தூரத்துக்கு மேல் போகாமல் தட்டையாக நின்றுவிட்டது போல வரைபடம் வரும். அது கரையின் குணம் என்று யாரும் எழுதிவிடுவதற்கு முன்னால் தூரத்தை 200 ஆக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மறுபக்கம், குறுகிய மணல்திட்டுக்குப் பின்னால் கழி இருந்தால் 100 மீட்டரே அதிகம். கடல்பக்கக் கோட்டோடு கழிப்பக்கக் கோடும் உள்ளே வந்துவிடும்.

கண்ணால் பார்க்கும் வேலை

தானியங்கி என்று நம்பி விட்டுவிடுகிற இடம் இதுதான். ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஏற்கலாமா, தள்ளலாமா என்று முடிவு செய்ய ஒரு திரை இருக்கிறது: இடப்பக்கம் இயல்பான வண்ணப் படம், நடுவில் வகை பிரித்த படம், வலப்பக்கம் நீர்க் குறியீடு, மூன்றின் மீதும் கண்டுபிடித்த கோடு. வலது அம்பு அழுத்தினால் ஏற்பு, இடது அம்பு அழுத்தினால் தள்ளுபடி. நூற்றுக்கணக்கான படங்கள் என்பதால் அலுப்புத் தட்டும். ஆனாலும் முதல் முறை எல்லாப் படங்களையும் பார்த்தே ஆகவேண்டும் என்பது எங்கள் கட்சி.

நடுப் படத்தை முதலில் பாருங்கள். மணல் தொடர்ச்சியான பட்டையாக வந்திருந்தால் கோடு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மணல் அங்கங்கே திட்டுத் திட்டாக மட்டும் வந்து கோடு மட்டும் அழகாக ஓடியிருந்தால் சந்தேகப்படுங்கள். மணல் பிக்சல் போதாதபோது மென்பொருள் முழுப் படத்தின் மதிப்புகளையும் வைத்து எல்லை மதிப்பைத் தேடும்; அப்போது கட்டடமும் செடிகொடியும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும், கோடு ஒரு பக்கமாகச் சாயும். கருமணல் கரையிலும் கண்ணைக் கூசும் வெண்மணல் கரையிலும் இந்தத் தொல்லை அதிகம். அதற்கென்றே கருமணலுக்கு ஒன்று, வெண்மணலுக்கு ஒன்று என்று வேறு பயிற்சி மாதிரிகள் தந்திருக்கிறார்கள், முதலில் அவற்றை மாற்றிப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் சொந்தக் கரையின் படங்களில் மணல் இது, நுரை இது என்று குறித்து மாதிரியை மறுபடி பயிற்றுவிக்கலாம். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் பலன் உடனே தெரியும்.

வெண்மணல் இன்னொரு வகையிலும் மாட்டிக்கொள்ளும்: மேகம் கண்டுபிடிக்கும் நிரல் மணலையே மேகமென்று மறைத்துவிடும். படத்தில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்க, கரை நெடுக மேக மறைப்பு வந்திருந்தால் அதுதான் காரணம். மேக மறைப்புப் பிழைக்கென்று உள்ள அமைப்பை இயக்கிவிட்டால் சரியாகும். எதிர்ப்பக்கமாக, மெல்லிய மேகத்தின் நிழல் மணல்மேல் விழுந்து நீராகத் தெரிவதும் உண்டு. அதற்கு அமைப்பு எதுவும் கிடையாது, கண்ணும் இடது அம்பும்தான்.

லேண்ட்சாட் 7 பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2003 மே 31 அன்று அதில் வருடல் கோடுகளை இடைவெளியில்லாமல் சேர்க்கும் திருத்திக் கருவி பழுதானது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய 22 சதவீதம் கறுப்புக் கோடுகளாகப் போய்விடும்; படத்தின் நடுவில் ஒரு பட்டை மட்டும் முழுதாக இருக்கும். உங்கள் கரை அந்த நடுப்பட்டையில் விழுந்தால் அதிர்ஷ்டம். ஓரத்தில் விழுந்தால் கோடு துண்டு துண்டாக வரும், சில குறுக்குக் கோடுகளுக்கு (கரையின் நகர்வை அளக்க நாம் வரையும் கோடுகள்) எண்ணே வராது. அதற்காக லேண்ட்சாட் 7-ஐ அடியோடு தூக்கிவிட வேண்டாம். 2013-இல் லேண்ட்சாட் 8 வரும்வரை பல கரைகளுக்கு அது இல்லாவிட்டால் தரவில் பெரிய ஓட்டை விழும்.

எல்லாம் முடிந்ததும் நகல் படங்களை நீக்கும் கட்டளையையும், தரைக்குறி பிழை 10 மீட்டரைத் தாண்டிய படங்களை நீக்கும் கட்டளையையும் மறக்காமல் ஓட்டுங்கள். படமே பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் கோடு எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

குறுக்குக் கோடுகளைக் கரைக்குச் செங்குத்தாக, தரைப்பக்கத்திலிருந்து கடல்பக்கமாக வரையவேண்டும். தொடக்கப் புள்ளியை அரிப்பு எட்டவே முடியாத அளவுக்கு உள்ளே வையுங்கள். மென்பொருள் ஒவ்வொரு குறுக்குக் கோட்டுக்கும் இருபுறம் 25 மீட்டருக்குள் உள்ள கரைக்கோட்டுப் புள்ளிகளை எடுத்து இடைநிலை மதிப்பைத் தருகிறது. மூன்று புள்ளிக்குக் குறைவாக இருந்தாலோ புள்ளிகள் தாறுமாறாகச் சிதறியிருந்தாலோ விட்டுவிடுகிறது. இந்த இயல்பு மதிப்புகள் நேரான கரைக்குச் சரி. சின்னச் சின்ன வளைவுகள் உள்ள கரையில் 25 மீட்டரைக் குறைத்துக்கொள்வது நல்லது.

ஓதமும் சரிவும்: வேலையின் பாதி இங்கேதான்

இதுவரை கிடைத்தது படம் எடுத்த நொடியில் நீர் எங்கே நின்றதோ அந்தக் கோடு. கரை எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி. ஓதம், அதாவது நாள்தோறும் ஏறி இறங்கும் கடல்மட்டம், ஏறியிருந்தால் கோடு உள்ளே, இறங்கியிருந்தால் வெளியே. இதைத் திருத்த இரண்டு எண் வேண்டும்: அந்த நேரத்து நீர்மட்டம், கரைச்சரிவு. நீர்மட்டத்துக்கும் நாம் எடுத்துக்கொண்ட ஆதார மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிவால் வகுத்தால் கோட்டை எவ்வளவு நகர்த்தவேண்டும் என்பது வரும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். சரிவு 0.1, அதாவது பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் கரை என்றால், 1 மீட்டர் ஓதம் கோட்டை 10 மீட்டர் நகர்த்தும். சரிவு 0.05 என்றால் 20 மீட்டர். 0.02 என்றால் 50 மீட்டர். கரையின் உண்மைச் சரிவு 0.05 ஆக இருக்க, நீங்கள் 0.1 என்று கொடுத்துவிட்டால் 20 மீட்டர் நகர்த்த வேண்டிய இடத்தில் 10 மீட்டர்தான் நகரும். மீதிப் பத்து மீட்டர் அப்படியே பிழையாகத் தங்கும். முழுக் கருவியின் பிழையும் பத்து மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டையான, ஓத வீச்சு மிகுந்த கரையில் கோஸ்ட்சாட் திணறுவதற்குக் காரணம் படமல்ல, இந்த வகுத்தல்.

சரிவை எங்கிருந்து எடுப்பது? நேரடியாக அளந்த குறுக்குவெட்டு இருந்தால் அதுவே முதல் தேர்வு. சராசரி கடல்மட்டத்துக்கும் உயர் ஓத மட்டத்துக்கும் இடைப்பட்ட பகுதியின் சரிவைத்தான் எடுக்கவேண்டும், மணல்மேட்டின் சரிவை அல்ல. அளவீடு இல்லாத இடத்துக்கு இதே குழு தனித் துணைக்கருவி ஒன்று தந்திருக்கிறது. ஒரு சரிவைத் தப்பாகக் கொடுத்தால் திருத்திய கோட்டிலும் ஓதத்தின் தாளம் மிச்சமிருக்கும். அந்தத் தாளம் எந்தச் சரிவில் மிகக் குறைவாகிறதோ அதுவே கரையின் சரிவு என்று தேடிப் பிடிக்கிறது. அழகான யோசனை. ஆனால் அதற்குப் படங்கள் நிறைய வேண்டும், ஓத வீச்சும் ஓரளவு இருக்கவேண்டும். ஓதமே அரை மீட்டருக்குள் இருக்கும் கரையில் அது தரும் எண்ணை நம்பாமல் நேரில் போய் அளப்பதே மேல். அங்கே சரிவு கொஞ்சம் தப்பானாலும் பாதிப்பு குறைவு என்பது ஒரு ஆறுதல்.

நீர்மட்டத்துக்கு எஃப்இஎஸ் என்ற உலக ஓத மாதிரியை இணைத்துக்கொள்ள வழி உண்டு. அருகில் ஓதமானி இருந்தால் அதன் பதிவையும் கொடுக்கலாம். இங்கே வழக்கமாக இரண்டு குளறுபடி நடக்கும். ஒன்று, நேரம். படத்தின் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஓதப் பதிவு உள்ளூர் நேரத்தில் இருந்தால் சில மணிநேர வித்தியாசத்தில் உயர் ஓதம் தாழ் ஓதமாகிவிடும். திருத்துவதற்குப் பதில் பிழை இரட்டிப்பாகும். திருத்தியபின் கோட்டின் சிதறல் குறையாமல் கூடினால் முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். மற்றொன்று, ஆதார மட்டம். எஃப்இஎஸ் சராசரி கடல்மட்டத்திலிருந்து அளக்கும். துறைமுக ஓத அட்டவணைகள் பெரும்பாலும் கடல்வரைபட ஆதார மட்டத்திலிருந்து அளக்கும். இரண்டையும் கலந்தால் வரிசை முழுவதும் ஒரே அளவு தள்ளிப்போகும். போக்கு கெடாது என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் பாதி ஆண்டுகளுக்கு ஒன்றும் மீதிக்கு மற்றொன்றும் என்று ஒட்டுப்போட்டால், ஒட்டிய இடத்தில் கரை ஒரே நாளில் குதித்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். லேண்ட்சாட்டும் சென்டினல்-2-உம் சூரியனோடு ஒத்திசைந்த பாதையில் சுற்றுபவை. ஓர் இடத்தை எப்போதும் முற்பகல் பத்து மணியை ஒட்டிய நேரத்தில்தான் கடக்கும். சூரியனால் உண்டாகும் 12 மணிநேர ஓதக் கூறு அந்த நேரத்தில் என்றைக்கும் ஒரே நிலையில்தான் இருக்கும். ஆகவே படங்கள் எத்தனை ஆயிரம் சேர்ந்தாலும் ஓதத்தின் எல்லா நிலைகளையும் அவை சமமாகப் பார்ப்பதில்லை. சில கரைகளில் ஓதம் முற்றிலும் வற்றிய நிலை படத்தில் சிக்கவே சிக்காது. இதற்கு மென்பொருளைக் குறைசொல்ல முடியாது. ஆனால் சரிவைக் கணிக்கும்போது இதை மனதில் வைக்கவேண்டும்.

புயலுக்கு ஏன் உதவாது

லேண்ட்சாட் ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை வரும். இரண்டு சேர்ந்தால் 8 நாள். சென்டினல்-2 இணை 5 நாள். மேகமில்லாவிட்டால் போதுமானதுதான். ஆனால் புயல் என்றாலே மேகம். முந்தைய தெளிந்த படம் புயலுக்கு இரண்டு வாரம் முன்னதாகவும், அடுத்தது மூன்று வாரம் பின்னதாகவும் இருப்பது சர்வசாதாரணம். அந்த மூன்று வாரத்தில் அரித்த மணலில் ஒரு பங்கு கரையேறத் தொடங்கியிருக்கும். இரண்டு படத்தின் கோட்டையும் கழித்தால் வருவது புயலின் அரிப்பு அல்ல. அரிப்பில் மீட்சியைக் கழித்த மிச்சம், மேலே சொன்ன பத்து மீட்டர்ப் பிழை இரண்டு படத்திலிருந்தும் சேர்ந்து கொள்ள, ஏறக்குறைய 14 மீட்டர் நிச்சயமின்மையோடு.

தப்பித்தவறிப் புயலன்றே படம் கிடைத்துவிட்டால் இன்னும் மோசம். ஓத மாதிரிக்குப் புயல் எழுச்சி (புயலால் கடல்மட்டம் உயர்வது) தெரியாது, அலையால் கரையோரம் நீர்மட்டம் உயர்வதும் தெரியாது. 2006-இல் ஸ்டாக்டனும் குழுவினரும் தந்த சூத்திரப்படி ஆழ்கடல் அலை உயரத்தையும் அலைநீளத்தையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைச் சரிவாலும் 0.35-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ இந்த உயர்வு வரும். 4 மீட்டர் உயரமும் 12 விநாடிக் காலமும் உள்ள அலைக்கு ஆழ்கடல் அலைநீளம் சுமார் 225 மீட்டர். பெருக்கலின் வர்க்கமூலம் 30. சரிவு 0.1 கரையில் நீர் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயரும், கோடு பத்து மீட்டருக்கு மேல் உள்ளே போகும். இதில் ஒரு வேடிக்கை: கிடைத்தூரம் காண மறுபடி சரிவால் வகுப்பதால் சரிவு கணக்கிலிருந்தே அடிபட்டுப் போகிறது. எந்தச் சரிவானாலும் அதே பத்து மீட்டர்தான். 1 மீட்டர் உயரமும் 8 விநாடியும் உள்ள அமைதியான நாளில் இதே கணக்கு மூன்றரை மீட்டர் தரும். ஆகவே ஒரு துளி மணல்கூட நகராமல், அலை மட்டும் பெரிதாக இருந்தாலே கரை ஏழு மீட்டர் அரித்ததாகக் கோஸ்ட்சாட் காட்டும்.

இத்தோடு, புயலில் முக்கியமான கேள்வி எத்தனை மீட்டர் என்பதல்ல, எத்தனை கனமீட்டர் மணல் என்பதுதான். 2016 ஜூனில் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவைத் தாக்கிய புயலில் 177 கிலோமீட்டர் கரையிலிருந்து 1 கோடியே 15 லட்சம் கனமீட்டர் மணல் அரிக்கப்பட்டதாகக் கணக்கிட முடிந்தது, புயலுக்கு முன்னும் பின்னும் விமானத்திலிருந்து லேசரால் அளந்ததால். வழக்கத்துக்கு மாறான திசையிலிருந்து அலைகள் வந்து, எப்போதும் ஒதுக்குப்புறமாக இருக்கும் கரைகளையும் தாக்கின. நீர்க்கோடு ஒன்றை மட்டும் வைத்து இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூடப் போகமுடியாது; மணல்மேடு சரிந்து விழுந்தாலும் நீர்க்கோடு இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

புயல்களோடு பொருத்திப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மாத சராசரியாக்கி, புயலுக்கு முந்தைய மூன்று மாதத்தையும் பிந்தைய ஓராண்டையும் பாருங்கள். மீட்சியின் வேகம் அதில் நன்றாகவே தெரியும். புயல் பட்டியலுக்கு ஐபிட்ராக்ஸ் என்ற உலகப் புயல் பதிவுத் தொகுப்பை எடுத்தால் காற்றுவேகப் பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள்: அமெரிக்க நிலையங்கள் 1 நிமிட சராசரியும், புது தில்லி 3 நிமிட சராசரியும், வேறு பல 10 நிமிட சராசரியும் தருகின்றன. ஒரே புயலுக்கு மூன்று எண் இருக்கும், மூன்றும் சரி. கடந்த கால வானிலையைக் கணினி மாதிரியால் மீளக் கட்டும் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வின் அலைத் தரவு மணிக்கு ஒருமுறை, தடையில்லாமல் கிடைக்கும். ஆனால் அரைப் பாகைக் கட்டத்தில் சூறாவளியின் குறுகிய மையம் மழுங்கிவிடும், உச்ச அலை உயரம் குறைத்தே வரும். பக்கத்தில் அலை அளக்கும் மிதவை இருந்தால் அதற்கே முதலிடம்.

போக்கைக் கணக்கிடும்போது

இங்கேதான் கருவி தன் உழைப்புக்குக் கூலி வாங்கித் தருகிறது. ஒரு படத்துக்கு 12 மீட்டர் பிழை என்று வைத்துக்கொண்டாலும், 40 ஆண்டுகளில் பரவலாக 800 படம் இருந்தால் ஆண்டுப் போக்கின் பிழை 4 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். தாளில் வரும் எண் இது. உண்மையில் கரையின் நிலை மாதத்துக்கு மாதம் ஒன்றையொன்று சார்ந்தது, 800 படம் 800 தனித் தகவல் ஆகாது. நிச்சயமின்மை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மென்பொருள் தரும் நேர்கோட்டுப் பிழையை அப்படியே அறிக்கையில் ஒட்டுவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

படங்களின் எண்ணிக்கையும் சீராக இல்லை. தொண்ணூறுகளில் ஆண்டுக்குக் கைவிரல் எண்ணிக்கையில் கிடைத்த கரைக்கு 2017-க்குப் பின் ஐம்பது, அறுபது கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு நேர்கோடு பொருத்தினால் கடைசிப் பத்தாண்டு மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். முதலில் பருவ சராசரி, அதிலிருந்து ஆண்டு சராசரி, அதற்குப் பிறகு போக்கு என்று போனால் இந்தச் சாய்வு குறையும். பழைய ஆண்டுகளில் தெளிந்த படங்கள் எல்லாமே ஒரே பருவத்தில் வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் பருவ மாற்றமே நீண்டகாலப் போக்காக வேடம் போட்டுவிடும்.

வேறு எதைப் பார்க்கலாம்

ஆண்டுக்கு ஒரு கோடு போதுமென்றால், ஆஸ்திரேலியாவுக்கு ஜியோசயின்ஸ் ஆஸ்திரேலியா என்ற அரசு நிறுவனம் 1988 முதல் ஆண்டுவாரிக் கரைக்கோட்டைத் தயாராகவே வெளியிடுகிறது. கையிலுள்ள பழைய கோடுகளிலிருந்து போக்கு மட்டும் கணக்கிட அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் டிஎஸ்ஏஎஸ் மென்பொருள் போதும். புயல் முன்பின் ஒப்பீட்டுக்குக் கோஸ்ட்ஸ்நாப்: 2017-இல் சிட்னியில் தொடங்கிய முறை, துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியில் யார் வேண்டுமானாலும் கைபேசியை வைத்துப் படமெடுத்து அனுப்பலாம். எல்லாப் படமும் ஒரே கோணத்தில் வரும், மேகம் தடையில்லை. புயல் ஓய்ந்த மறுநாளே படம் வந்துவிடும். ஆனால் தாங்கி வைத்த நாளிலிருந்துதான் வரலாறு தொடங்கும். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் துல்லிய ஜிபிஎஸ்ஸால் அளந்து வைக்காவிட்டால் படங்கள் அழகு பார்க்கத்தான் ஆகும். நீண்டகாலக் கண்காணிப்பைப் புதிதாகத் தொடங்குவோர் கோஸ்ட்சாட்டால் நாற்பது ஆண்டைப் பின்னோக்கிப் பார்த்துவிட்டு, புயலுக்காகத் தாங்கி ஒன்றையும், ஆண்டுக்குச் சில முறை ஜிபிஎஸ் குறுக்குவெட்டு அளவீட்டையும் சேர்த்துக்கொண்டால் ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கும்.

பாறைக்கரை, அலையாத்திக்காடு, கூழாங்கல் கரை ஆகியவற்றுக்கு இதை எடுக்கவே எடுக்காதீர்கள். மணல் என்ற வகையே இல்லாத இடத்தில் மணலுக்கும் நீருக்கும் இடைப்பட்ட கோட்டைத் தேடவைப்பது வீண்வேலை.

பதிப்பு மாற்றம் பற்றி ஒரு வார்த்தை. மணலையும் நீரையும் பிரிக்கும் பயிற்சி மாதிரி ஒரு கோப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதைச் சேமித்த சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல் நூலகத்தின் பதிப்பும் உங்கள் கணினியில் உள்ள பதிப்பும் பொருந்தாவிட்டால் திறக்க மறுக்கும், இல்லை எச்சரிக்கை காட்டிவிட்டு ஓடும். சென்டினல்-2-இலும் 2022 ஜனவரி 25 அன்று செயலாக்க முறை மாறி பிக்சல் மதிப்புகளில் 1000 கூடியது. அதற்கு முன் வெளிவந்த பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் அந்தத் தேதிக்கு இருபுறமும் கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். பல்லாண்டுத் திட்டத்தில் ஆண்டுதோறும் புதிய படங்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போவது வசதிதான். ஆனால் மென்பொருள் பதிப்போ, பயிற்சி மாதிரியோ, ஆதாரக் கரைக்கோடோ மாறிவிட்டால் 1984-இலிருந்து முழு வரிசையையும் மறுபடி ஓட்டுங்கள். அமைப்புக் கோப்பு, ஆதாரக் கரைக்கோடு, குறுக்குக் கோடுகள், சூழலின் பதிப்புப் பட்டியல், கையால் தள்ளிய படங்களின் பெயர்கள் ஆகிய ஐந்தையும் முடிவுகளோடு ஒரே கோப்புறையில் சேமித்து வையுங்கள். பொறுப்பை அடுத்து ஏற்பவருக்கு அட்டவணையைவிட அவைதான் முதலில் தேவைப்படும்.